நிறமும் கூலியும்: கறுப்பினப் புலமையும் போராட்டமும் கற்றுத்தருபவை

ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்பிஸ் நகரின் ஓரத்தில், டிராம் பாதை வளைந்து திரும்பும் இடத்தில், 1889ஆம் ஆண்டு கறுப்பினத்தவர்கள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தார்கள். 'மக்கள் கடை' என்பது அதன் பெயர். தபாற்காரராக வேலைபார்த்த தோமஸ் மொஸ் அதன் தலைவராக இருந்தார். அதுவரை அந்தப் பகுதியின் வியாபாரம் முழுவதும் வெள்ளையர் ஒருவரின் கையில் இருந்தது. புதிய கடை வந்ததும் கறுப்பின வாடிக்கையாளர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள்.

1892 மார்ச் மாதத்தில் சிறுவர்களின் சண்டையொன்று பெரியவர்களின் தகராறாக மாறியது. ஓர் இரவு ஆயுதங்களுடன் கடைக்குள் நுழைந்தவர்கள் மீது உள்ளே காவல் இருந்தவர்கள் சுட்டார்கள். காயப்பட்டவர்கள் சட்ட அதிகாரிகள் என்று பின்னர் சொல்லப்பட்டது. மொஸ்ஸும் அவரது தோழர்களான கல்வின் மக்டவல், வில் ஸ்டுவர்ட் ஆகியோரும் சிறையில் அடைக்கப்பட்டனர். மார்ச் 9ஆம் திகதி அதிகாலையில் வெள்ளையர் கும்பலொன்று சிறைக்குள் புகுந்து மூவரையும் இழுத்துச்சென்று ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது. கடை சூறையாடப்பட்டது. எஞ்சிய சரக்கை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவர் வேறு யாருமல்ல, போட்டிக் கடையின் உரிமையாளரே.

இந்தக் கொலையை எந்த வகைக்குள் அடக்குவது? இனவெறிக் கொலையா, வியாபாரப் போட்டியில் நிகழ்ந்த கொலையா? நிறப் பிரச்சினையா, பொருளாதாரப் பிரச்சினையா? இந்தக் கேள்வியையே தவறான கேள்வியென்று நிராகரித்ததில்தான் கறுப்பினப் புலமை மரபின் பலம் இருக்கிறது. இனத்தையும் வர்க்கத்தையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பேசிப் பழகிய நமக்கு அந்த மரபில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

எண்ணிக் காட்டிய பத்திரிகையாளர்

கொல்லப்பட்ட மொஸ்ஸின் நெருங்கிய நண்பர் ஐடா பி. வெல்ஸ். மொஸ்ஸின் மகளுக்கு ஞானத்தாயும் அவர்தான். 1862இல் மிசிசிப்பியில் அடிமைத்தளைக்குள் பிறந்த வெல்ஸ், ஆசிரியையாக இருந்து பத்திரிகையாளராக மாறியவர். மெம்பிஸில் வெளிவந்த ஒரு பத்திரிகையின் பங்காளராகவும் ஆசிரியராகவும் இருந்தார்.

அக்காலத்தில் கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதற்குச் சொல்லப்பட்ட வழமையான நியாயம், அவர்கள் வெள்ளைப் பெண்களைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்துகிறார்கள் என்பதுதான். வடபகுதியின் முற்போக்காளர்களிலும் பலர் இதை நம்பினர். தானும் முன்பு அதை அரைகுறையாக நம்பியிருந்ததாக வெல்ஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால், மொஸ்ஸும் தோழர்களும் யாரையும் வல்லுறவுக்கு உட்படுத்தவில்லை. அவர்கள் செய்த குற்றம் கடை நடத்தியது. அப்படியானால் மற்றவர்கள்?

வெல்ஸ் ஒவ்வொரு சம்பவமாக விசாரிக்கத் தொடங்கினார். சம்பவம் நடந்த இடங்களுக்கு நேரில் போனார், சாட்சிகளைச் சந்தித்தார், பத்திரிகைச் செய்திகளைச் சேகரித்தார். கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் வல்லுறவுக் குற்றச்சாட்டாவது சுமத்தப்பட்டிருந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஏனையோர் கொல்லப்பட்ட காரணங்கள் வேறு: வாக்குவாதம், களவு என்ற சந்தேகம், வெள்ளையரை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு. 1895இல் வெளியிட்ட 'சிவப்புப் பதிவேடு' என்ற நூலில், வெள்ளையர்களின் பத்திரிகையான சிக்காகோ ட்ரிபியூன் தொகுத்த எண்ணிக்கைகளையே அவர் ஆதாரமாக வைத்தார். கறுப்பினத்தவர் இட்டுக்கட்டிய கணக்கு என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது என்பதே இதற்குக் காரணம்.

அவரது போராட்டம் எழுத்தோடு நிற்கவில்லை. பாதுகாப்புத் தராத நகரத்தைவிட்டு வெளியேறுமாறு மெம்பிஸின் கறுப்பின மக்களுக்கு அவரது பத்திரிகை அழைப்பு விடுத்தது. ஏராளமானோர் ஒக்லஹோமா நோக்கிப் புறப்பட்டார்கள். எஞ்சியோர் டிராம் வண்டிகளில் ஏறுவதைத் தவிர்த்தார்கள். வருமானம் குறையவே, டிராம் கம்பனியின் அதிகாரிகள் வெல்ஸின் அலுவலகத்துக்கே வந்து, மக்களை மீண்டும் வண்டியில் ஏறச் சொல்லுமாறு கேட்டார்கள். கறுப்பின மக்களின் பணமும் உழைப்பும் இல்லாமல் அந்த நகரம் இயங்காது என்பது இரு தரப்புக்கும் அன்று புரிந்தது. இரு மாதங்களின் பின், வெல்ஸ் ஊரில் இல்லாத வேளையில், அவரது அச்சகம் அடித்து நொறுக்கப்பட்டது. திரும்பி வந்தால் கொல்லப்படுவார் என்ற எச்சரிக்கையால் அவர் மெம்பிஸுக்குத் திரும்பவில்லை. 1931இல் அவர் இறந்தார். புலிட்சர் விருதுக் குழு அவருக்குச் சிறப்புக் கௌரவம் வழங்கியது 2020இல்தான்.

ஆய்வுக்கூடத்திலிருந்து தெருவுக்கு

இதே தசாப்தத்தில் வேறொரு வழியாக இதே கேள்விக்கு வந்து சேர்ந்தவர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கர் அவர். 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றி ஆராய அவரை அழைத்தது. ஆனால், முறையான விரிவுரையாளர் பதவியைக் கொடுக்கவில்லை. அவர் மனைவியுடன் அந்த வட்டாரத்திலேயே குடியிருந்து, வீடுவீடாகச் சென்று, தொழில், வாடகை, கல்வி, குடும்பம், வருமானம் என்று ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்தார்.

1899இல் வெளிவந்த அந்த ஆய்வு அமெரிக்கச் சமூகவியலின் ஆரம்ப நூல்களில் ஒன்று. வறுமையும் குற்றமும் கறுப்பினத்தவரின் இரத்தத்தில் இருக்கின்றன என்ற அன்றைய 'அறிவியலுக்கு' அது பதில் சொன்னது. தொழிற்சாலை வேலைகள் மறுக்கப்படுகின்றன. வெள்ளையர்களின் தொழிற்சங்கங்கள் கதவை மூடுகின்றன. மோசமான வீட்டுக்கு அதிக வாடகை அறவிடப்படுகிறது. படித்தவரும் எடுபிடி வேலைக்கே போக வேண்டியிருக்கிறது. இவற்றைத் தரவுகளோடு டு போய்ஸ் முன்வைத்தார். அந்த நூலில் குறையும் உண்டு. ஏழைக் கறுப்பினத்தவர்களின் ஒழுக்கம் பற்றி ஒரு மேட்டுக்குடி இளைஞனின் கண்டிப்போடு அவர் பல இடங்களில் எழுதினார்.

உண்மையைத் துல்லியமாக எடுத்துவைத்தால் மக்கள் மாறுவார்கள் என்றே அன்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை 1899 ஏப்ரலில் உடைந்தது. ஜோர்ஜியா மாநிலத்தில் சாம் ஹோஸ் என்ற பண்ணைத் தொழிலாளி ஒரு பெருங்கூட்டத்தின் முன்னிலையில் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். அது குறித்து நிதானமாக எழுதிய கடிதமொன்றை எடுத்துக்கொண்டு அட்லாண்டாவின் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்த டு போய்ஸுக்கு, ஹோஸின் விரல் மூட்டுகள் அதே தெருவிலுள்ள ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் கிடைத்தது. அவர் வந்த வழியே திரும்பிவிட்டார். மனிதர்கள் எரிக்கப்படும்போது ஒதுங்கி நின்று அளவெடுக்கும் விஞ்ஞானியாக மட்டும் தன்னால் இருக்க முடியாது என்று பின்னர் எழுதினார். ஆய்வை அவர் கைவிடவில்லை. 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசிய சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவராகி, அதன் சஞ்சிகையை 1910 முதல் 1934 வரை நடத்தினார்.

1935இல் அவர் வெளியிட்ட 'கறுப்பின மறுசீரமைப்பு' என்ற பெருநூல் இந்த மரபின் மிக முக்கியமான படைப்பாகக் கருதப்படுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான கறுப்பினத்தவர்கள் வாக்குரிமையும் பதவியும் பெற்ற காலத்தைப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் அன்று ஊழலும் திறமையின்மையும் நிறைந்த காலமாகவே எழுதிவந்தனர். டு போய்ஸ் அதைத் தலைகீழாக மாற்றினார். அடிமைகள் யாரோ கொடுத்த விடுதலையை வாங்கியவர்கள் அல்லர். தோட்டங்களைவிட்டு வெளியேறி, வடபகுதி இராணுவத்தோடு சேர்ந்து, தென்பகுதியின் பொருளாதாரத்தை முடக்கியவர்கள். அதை ஒரு பொது வேலைநிறுத்தமாகவே பார்க்க வேண்டும் என்றார் அவர்.

அந்நூலின் இன்னொரு கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஏழை வெள்ளைத் தொழிலாளி ஏழைக் கறுப்பினத் தொழிலாளியோடு ஏன் சேரவில்லை? கூலி குறைவாகக் கிடைத்தாலும் வெள்ளைத் தொழிலாளிக்கு வேறொரு கொடுப்பனவு கிடைத்தது என்பது டு போய்ஸின் விடை. பொது இடங்களில் மரியாதை, நல்ல பாடசாலை, பூங்காவில் நுழைய அனுமதி, தன் ஆட்களே பொலிஸாக இருப்பது, நீதிமன்றத்தின் தயவு ஆகிய இவை எல்லாம் வெள்ளை நிறத்துக்காகத் தரப்பட்ட ஒருவகைக் கூலி. அது பையை நிரப்பாவிட்டாலும் மனதை நிரப்பியது. விளைவாக இரு தரப்பினதும் உண்மையான கூலி கீழேயே இருந்தது. இலாபம் அடைந்தவர் முதலாளி. இனவாதம் ஏழைகளின் அறியாமை என்று மட்டும் விளங்கிக்கொள்பவர்களுக்கு இந்த விளக்கம் இன்றைக்கும் ஒரு பதில்.

நிலமும் வீடும் சேமிப்பும்

அரசியல் உரிமை கிடைத்தும் ஏன் பொருளாதாரச் சமத்துவம் வரவில்லை? இதற்குப் பதில் தேடிய கறுப்பின ஆய்வாளர்கள் அரசின் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள்.

1865 ஜனவரியில் வடபகுதித் தளபதி ஷேர்மன், தென்கிழக்குக் கரையோரத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர் நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரையில் விடுதலையானவர்களுக்கு ஒதுக்குமாறு கட்டளையிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜோன்சன் அந்த நிலங்களைப் பழைய தோட்ட உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். விடுதலை பெற்றவர்கள் நிலமற்றவர்களாகப் பழைய எசமானர்களின் வயல்களிலேயே வாரக் குடிகளானார்கள்.

1935இல் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கியது. ஆனால், விவசாயத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லை. தென்பகுதியின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் இந்த இரு தொழில்களில்தான் இருந்தார்கள் என்பது மட்டும் போதுமானதாக இருந்தது. 1934இல் உருவான கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி வழங்கியபோது, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தான முதலீடாக வகைப்படுத்தியது. அரசு தயாரித்த வரைபடங்களில் அத்தகைய பகுதிகள் சிவப்பு நிறத்தால் குறிக்கப்பட்டன. பல இலட்சம் வெள்ளைக் குடும்பங்கள் மலிவான கடனில் வீடு வாங்கி, அதன் பெறுமதி உயர உயரப் பிள்ளைகளுக்குச் சொத்துச் சேர்த்த காலத்தில், கறுப்பினக் குடும்பங்கள் வாடகை கட்டின.

சமூகவியலாளர்களான மெல்வின் ஒலிவரும் தோமஸ் ஷபிரோவும் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஓர் எளிய வேறுபாட்டை வலியுறுத்தியது. வருமானம் வேறு, சொத்து வேறு. ஒரே சம்பளம் எடுக்கும் இரு குடும்பங்களில் ஒன்றிடம் வீடும் சேமிப்பும் இருக்கலாம்; மற்றதிடம் எதுவும் இல்லாதிருக்கலாம். நோய், வேலையிழப்பு, பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவு என்று நெருக்கடி வரும்போது அந்த வேறுபாடுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி வெள்ளைக் குடும்பமொன்றின் இடைநிலைச் சொத்து 285,000 டொலர். கறுப்பினக் குடும்பத்தினது 44,900 டொலர். ஆறு மடங்குக்கும் அதிகமான இடைவெளி இது. வாக்குரிமைச் சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிந்திய நிலைமை.

மீண்டும் மெம்பிஸ்

மார்ட்டின் லூதர் கிங் என்றால் உலகம் ஒரு கனவை நினைவுகூர்கிறது. அந்த உரை நிகழ்த்தப்பட்ட 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதிப் பேரணியின் முழுப் பெயரில் 'வேலைவாய்ப்புக்கும் சுதந்திரத்துக்குமான' என்ற சொற்கள் இருந்தன என்பதும், இரண்டு டொலர் குறைந்தபட்ச மணித்தியாலக் கூலி அதன் கோரிக்கைகளில் ஒன்று என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன. அதை முன்னின்று நடத்திய ஏ. பிலிப் ரண்டொல்ஃப், இரயில் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத்தை 1925இல் தொடங்கி, 12 ஆண்டுகள் போராடிக் கம்பனியைக் கைச்சாத்திட வைத்த தொழிற்சங்கவாதி. பேரணியின் முதல்நாள் இரவு கானாவில் டு போய்ஸ் காலமானார். அவருக்கு அப்போது 95 வயது.

1968 பெப்ரவரி முதலாம் திகதி, மெம்பிஸ் நகரின் குப்பை அள்ளும் தொழிலாளர்களான எக்கோல் கோலும் ரொபர்ட் வோக்கரும் மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்பகுதிக்குள் ஏறினார்கள். பழுதடைந்த இயந்திரம் திடீரென இயங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. பெப்ரவரி 12ஆம் திகதி ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அநேகமாக அனைவரும் கறுப்பினத்தவர்கள். மழை பெய்தால் வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு முழுநாள் சம்பளம், தொழிலாளர்களுக்கு இரண்டு மணித்தியாலச் சம்பளம். முழுநேரம் உழைத்தும் பலர் அரச நிவாரணத்தில் தங்கியிருந்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும், பாதுகாப்பான வாகனங்கள் வேண்டும் என்பன கோரிக்கைகள். ஆனால், அவர்கள் ஏந்திய பதாகையில் கூலி பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. 'நான் ஒரு மனிதன்' என்றே எழுதப்பட்டிருந்தது. வயதானவரையும் 'பையன்' என்று அழைத்த ஒரு சமூகத்தில் கூலிக் கோரிக்கையும் மரியாதைக் கோரிக்கையும் ஒன்றாகவே இருந்தன.

ஏழை மக்களின் இயக்கம் ஒன்றுக்காக அப்போது நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த கிங், அந்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்பிஸுக்கு வந்தார். ஏப்ரல் 4ஆம் திகதி அங்கே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ஆம் திகதி நகர நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் கடையின் மூவர் கொல்லப்பட்ட அதே நகரத்தில், அதே இரட்டை முடிச்சு அவிழாமலே இருந்தது.

அடியில் இருப்பவரின் பார்வை

இந்த இயக்கங்களுக்குள்ளும் மேல், கீழ் இருந்தது. 1963 பேரணியின் மேடையில் பிரதான உரையாற்ற எந்தப் பெண்ணுக்கும் இடம் கொடுக்கப்படவில்லை. கறுப்பினம் என்றால் ஆண்களையும், பெண் என்றால் வெள்ளைப் பெண்களையும் நினைக்கும் பழக்கம் போராட்டக்காரர்களிடமும் இருந்தது. இதைக் கேள்விக்குட்படுத்திய பொஸ்டன் நகரக் கறுப்பினப் பெண்ணியவாதிகள் 1977இல் கொம்பாஹி ஆற்றுக் கூட்டு என்ற பெயரில் ஓர் அறிக்கையை எழுதினார்கள். 1863இல் ஹரியட் டப்மன் வழிகாட்டிய படை நடவடிக்கையில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுவிக்கப்பட்டது அந்த ஆற்றங்கரையில்தான். இனம், வர்க்கம், பால், பாலியல்பு ஆகிய ஒடுக்குமுறைகள் தங்கள் வாழ்வில் ஒரே நேரத்தில் வருகின்றன, ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது என்பது அவர்களது நிலைப்பாடு.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷோ 1989இல் இதை ஒரு வழக்கின் மூலம் விளக்கினார். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. 1964க்கு முன்னர் அந்தக் கம்பனி கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவேயில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களே முதலில் நீக்கப்பட்டார்கள். பெண்களை நாங்கள் ஏற்கனவே எடுத்திருக்கிறோம் என்றது கம்பனி. அவர்கள் வெள்ளைப் பெண்கள். கறுப்பினத்தவர்களையும் எடுத்திருக்கிறது, அவர்கள் ஆண்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்தது. இரு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் நின்ற பெண்களின் பாதிப்பு எந்தத் தெருவின் கணக்கிலும் பதியப்படவில்லை. இடைவெட்டுத்தன்மை என்று இன்று பட்டறைகளில் ஒப்பிக்கப்படும் சொல்லின் பின்னால் இருப்பது இந்தத் தொழிலாளர்களின் வேலையிழப்புதான்.

மிசிசிப்பியின் ஃபானி லூ ஹேமர் பல்கலைக்கழகத்தைக் கண்டவரல்லர். இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதிலிருந்து பருத்தி பறித்தவர். 1962இல் வாக்காளராகப் பதியச் சென்றதற்காகத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு பொலிஸ் காவலில் கடுமையாகத் தாக்கப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் மிசிசிப்பியின் லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவதற்குத் தண்டனையாக ஏழைகளுக்கான அரச உணவு விநியோகத்தையே நிறுத்தியது. வயிறு பிறர் கையில் இருக்கும்வரை வாக்கும் பிறர் கையில்தான் என்பதை ஹேமர் அனுபவத்தில் கற்றார். 1969இல் 40 ஏக்கரில் 'சுதந்திரப் பண்ணை' என்ற கூட்டுறவைத் தொடங்கினார். மரக்கறி பயிரிட்டுக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தார்கள். வீடுகள் கட்டினார்கள். 'பன்றி வங்கி' ஒன்றும் இருந்தது. ஒரு குடும்பம் சினைப் பன்றியைப் பெற்று, குட்டிகளை வளர்த்து, ஒரு பகுதியை வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கும். அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். பண்ணை 600 ஏக்கருக்கும் அதிகமாக வளர்ந்தது. பின்னர் வெள்ளமும் வரட்சியும் கடனும் சேர்ந்து 1970களின் நடுப்பகுதியில் அதை முடிவுக்குக் கொண்டுவந்தன. வெளியாரின் நன்கொடையில் தங்கியிருந்ததும் ஒரு காரணம். தோல்வியையும் மறைக்காமல் ஆராய்வதால்தான் பிந்திய ஆய்வாளர்களின் எழுத்து புதிய கூட்டுறவுகளுக்குப் பயன்படுகிறது.

நம்மோடு உள்ள தொடர்பு

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. டிரினிடாட்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியரும் பின்னாளில் அந்நாட்டின் பிரதமருமான எரிக் வில்லியம்ஸ், 1944இல் வெளியிட்ட நூலில், அடிமை உழைப்பின் இலாபம் பிரித்தானியக் கைத்தொழிலை வளர்த்தது என்று வாதிட்டார். மலிவான உழைப்புக்கான தேவை முதலில் வந்தது, நிறத்தைக் காட்டும் நியாயம் பின்னால் வந்தது என்பது அவரது பார்வை. கரீபியன் தீவுகளில் 1834இல் அடிமைமுறை முடிவுக்கு வந்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை 'உடைமையாக' வைத்திருந்தவர்களுக்கு. அங்கே கோப்பி உற்பத்தி சரிந்த அதே காலத்தில்தான் இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். மலையகத் தமிழ் மக்களின் வரலாறும் அத்திலாந்திக் அடிமை வரலாறும் ஒரே சாம்ராச்சியத்தின் ஒரே கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்கள்.

இன்னொரு தொடர்பு அ. சிவானந்தன். 1958 இனவன்முறையின் பின் இலங்கையைவிட்டுச் சென்ற இந்தத் தமிழர், இலண்டனில் இறங்கியபோது நொட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்கள் மீதான தாக்குதல்களைக் கண்டார். இன உறவுகள் நிறுவகத்தில் நூலகராகச் சேர்ந்தார். 1972இல் அந்நிறுவகம் மேட்டுக்குடி நிர்வாகத்தின் கையிலிருந்து ஊழியர்களின் கைக்கு மாறியது. அதன்பின் நீண்டகாலம் அதன் பணிப்பாளராக இருந்தார். அவர் நடத்திய 'இனமும் வர்க்கமும்' சஞ்சிகையின் பெயரே அதன் கொள்கையைச் சொல்லும். இனத்துவ முதலாளித்துவம் என்ற கருத்தை 1983இல் விரிவாக எழுதிய செட்ரிக் ரொபின்சன் அந்தச் சஞ்சிகையோடு நெருங்கிப் பணியாற்றியவர். முதலாளித்துவம் மனிதர்களுக்கிடையிலான வேறுபாடுகளை அழிப்பதில்லை, அவற்றைப் பயன்படுத்தியே வளர்கிறது என்றார் ரொபின்சன். சிவானந்தனுக்கோ 'கறுப்பு' என்பது தோலின் நிறமல்ல, ஒடுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேரும் அரசியலின் நிறம்.

1946இல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதமெழுதி, கறுப்பினத்தவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சமர்ப்பித்த மனுவின் பிரதியைக் கேட்டார். தீண்டத்தகாதோரும் அவ்வாறு செய்ய எண்ணுவதாகத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு டு போய்ஸ் தொகுத்த இன்னொரு மனுவும் அந்தச் சபைக்குப் போனது. அமெரிக்க அரசு அதை முன்னெடுக்க மறுத்தது. சர்வதேசத்தின் கதவைத் தட்டுவதும் அது திறக்காமல் போவதும் நமக்கும் பழக்கமானவைதான். அந்த மறுப்பின் பின்னரும் உள்ளூரில் ஒழுங்கமைவதை அவர்கள் நிறுத்தவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எதைக் கற்பது?

ஒரு மக்களின் துயரத்தை இன்னொன்றோடு சமப்படுத்துவது கற்றல் ஆகாது. அமெரிக்க அடிமைமுறைக்கும் நமது வரலாற்றுக்கும் பெரும் வேறுபாடுகள் உண்டு. சுலோகங்களை இரவல் வாங்குவதாலும் பயன் குறைவு. அவர்களது வேலைமுறையையே கற்க வேண்டும்.

ஓர் அநீதி நடக்கும்போது, இதனால் யாருக்கு இலாபம் என்று கேட்பது அதில் முதலாவது. மக்கள் கடையின் சரக்கை வாங்கியவர் யார் என்று வெல்ஸ் பார்த்ததைப் போல. இரண்டாவது, பிறர் எண்ணித் தருவார்கள் என்று காத்திருக்காமல் நாமே எண்ணுவது, பதிவது. காணி, கூலி, கடன், வீடு பற்றி ஊர் ஊராகச் சேகரித்த தரவு பல மேடைப் பேச்சுகளைவிட நீண்டகாலம் நிற்கும். மூன்றாவது, நம் இயக்கத்துக்குள்ளேயே யாருடைய பாதிப்பு எந்தக் கணக்கிலும் வராமல் போகிறது என்று தேடுவது. இன உரிமை பற்றிப் பேசும் ஒரு சமூகம் தன்னுள் இருக்கும் சாதியையும், பெண் உழைப்பையும், நாட்கூலிக்காரரையும் பின்னர் பார்க்கலாம் என்று தள்ளிவைக்குமானால், அந்தப் 'பின்னர்' வராது என்பதே இந்த மரபின் அனுபவம்.

இந்த அறிவு பாதுகாப்பான இடத்தில் இல்லை. 2021 முதல் அமெரிக்காவின் பல மாநிலங்கள் இனவாதம் பற்றிக் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்துள்ளன. 2023இல் புளோரிடா மாநிலம் உயர்நிலைப் பாடசாலைகளுக்கான ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைநெறியை நிராகரித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருத்திற்கொள்ளும் முறைக்கு முடிவுகட்டியது. வெல்ஸின் அச்சகத்தை உடைத்தவர்களுக்குச் சுத்தியல் தேவைப்பட்டது; இன்று பாடத்திட்டத் திருத்தம் போதும்.

உடைக்கப்பட்ட அச்சகத்தை வெல்ஸ் மெம்பிஸில் மீண்டும் கட்டியெழுப்பவில்லை. சில மாதங்களில் நியூயோர்க்கிலிருந்து எழுதினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரித்தானியா சென்று பேசினார். அவர் எண்ணி வைத்த பெயர்களும் திகதிகளும் காரணங்களும் இன்றும் இருக்கின்றன. அந்தக் கும்பல் மறைக்க விரும்பியதை நாம் அறிவது அந்தப் பதிவுகளால்தான்.